கடனுக்கு ஒரு சட்டம், பங்குக்கு ஒரு சட்டம்

வங்கி ஊழல் ஒன்று வெளியே வந்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: எத்தனை பேரை உள்ளே போட்டார்கள்? பதில் பெரும்பாலும் ஏமாற்றமாகவே இருக்கும். உடனே "பணக்காரனுக்கு ஒரு சட்டம், ஏழைக்கு ஒரு சட்டம்" என்று பேச்சு முடிந்துவிடும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பதிலோடு நின்றுவிட்டால், அதைவிட வினோதமான ஒன்று கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஒரே பணம். காலையில் வங்கியிலிருந்து கடனாகப் புறப்படுகிறது, மாலைக்குள் பங்குச் சந்தையில் ஒரு பங்கின் விலையை ஏற்றிவிடுகிறது. சந்தைக்குள் நடந்ததற்குத் தண்டனை ஒருவழியாக வந்து சேர்கிறது. வங்கிக்குள் நடந்ததற்கான வழக்கு தலைமுறைக் கணக்கில் இழுக்கிறது. ஆட்களின் நேர்மை ஒருபுறம் இருக்கட்டும். சட்டத்தின் அமைப்பே அப்படி.

வங்கிப் பணத்தைப் பங்குச் சந்தையில் ஓட்டிய மும்பைப் பங்கு புரோக்கர் கேதன் பரேக்கின் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2001 மார்ச் கடைசியில் கைது. 2003 டிசம்பரில், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி அவரைப் பங்குச் சந்தையிலிருந்து 14 ஆண்டுகளுக்கு விலக்கி வைத்தது. இரண்டே முக்கால் ஆண்டில் ஒரு தெளிவான, செயலுக்கு வந்த தண்டனை. (அது அவரைத் திருத்தியதா என்பது வேறு கதை. தடைக்காலம் முடிந்தபின், 2025 ஜனவரியில் ஃப்ரண்ட் ரன்னிங் (பெரிய முதலீட்டாளரின் ஆர்டரை முன்பே தெரிந்துகொண்டு அதற்குமுன் வர்த்தகம் செய்வது) குற்றச்சாட்டில் செபி மறுபடியும் இடைக்கால உத்தரவு போட்டது.) அதே விவகாரத்தின் மறுபாதி அகமதாபாத்தின் மாதவ்புரா மெர்க்கன்டைல் கூட்டுறவு வங்கி. அதன் உரிமத்தை ரிசர்வ் வங்கி ரத்து செய்தது 2012 ஜூனில். டெபாசிட்தாரர்கள் பதினோரு ஆண்டுகள் திரிசங்கு நிலையில் இருந்தார்கள்.

பே ஆர்டர் என்ன செய்தது

மாதவ்புராவில் நடந்ததைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பொறுப்பு எங்கே நழுவுகிறது என்பது அங்கேதான் தெரிகிறது. பே ஆர்டர் என்பது வங்கி தன் பெயரிலேயே எழுதித் தரும் தாள். வாடிக்கையாளர் கணக்கில் முதலில் பணம் பிடித்துக்கொண்டு, பிறகுதான் கொடுக்க வேண்டும். அதனால்தான் அதை வாங்குபவர் ரொக்கம்போலவே நினைக்கிறார். சாதாரணக் காசோலை திரும்பலாம், பே ஆர்டர் திரும்பாது என்பது தொழிலில் எழுதாத விதி. மாதவ்புராவின் மும்பைக் கிளையிலிருந்து, கணக்கில் பணம் இல்லாமலே பே ஆர்டர்கள் போயின. அவற்றை பேங்க் ஆஃப் இந்தியா டிஸ்கவுன்ட் செய்தது. அதாவது கிளியரிங்கில் பணம் வந்து சேரும் முன்பே புரோக்கர் கணக்கில் வரவு வைத்தது. இடையில் கிடைக்கும் அந்த ஓரிரு நாள்தான் மொத்த விளையாட்டும். அந்த அவகாசத்தில் சந்தையில் கட்ட வேண்டியதைக் கட்டலாம். அடுத்த பே ஆர்டரை வைத்து முந்தையதை அடைக்கலாம். விலை ஏறும்வரை சக்கரம் சுற்றும். 2001 பட்ஜெட் முடிந்த கையோடு சந்தை சரிந்தது. மாதவ்புராவில் டெபாசிட்தாரர்கள் முண்டியடித்தார்கள். 137 கோடி ரூபாய்க்கான பே ஆர்டர்கள் பேங்க் ஆஃப் இந்தியாவுக்குத் திரும்பி வந்தன. கேதன் பரேக் குழுமத்துக்கு அந்தக் கூட்டுறவு வங்கி கொடுத்திருந்த கடன் மட்டும் 800 கோடிக்கு மேல்.

இதில் குற்றவாளி யார்? பே ஆர்டரை எழுதிய கிளை அதிகாரி "மேலிடம் சொன்னது" என்பார். மேலிடம் "வாய்மொழி உத்தரவுக்கு ஆதாரம் எங்கே" என்று கேட்கும். டிஸ்கவுன்ட் செய்தவர் "பே ஆர்டரை நம்பாமல் வேறெதை நம்புவது" என்பார், அதில் நியாயமும் உண்டு. புரோக்கரோ "வங்கி கொடுத்தது, நான் வாங்கினேன், திருப்பித் தரும் எண்ணம் இருந்தது, சந்தை கவிழ்த்துவிட்டது" என்பார். நால்வரில் ஒவ்வொருவர் மனதிலும் அன்றைக்கு என்ன இருந்தது என்பதைத் தனித்தனியாக நிரூபித்தாக வேண்டும். ரிசர்வ் வங்கி அதற்காகக் காத்திருக்கவில்லை. நகரக் கூட்டுறவு வங்கிகள் பங்கு புரோக்கர்களுக்குக் கடன் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. விதியை மாற்றுவது சுலபம், ஆளைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

மோசமான கடன் குற்றம் அல்ல

இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். இருந்தாலும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது, அப்படி இருப்பதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. கடன் வாராக்கடனாவது வங்கித் தொழிலின் ஒரு பகுதி. மேனேஜர் கணித்தது தப்பிப்போனதற்கெல்லாம் சிறை என்றால், நாளைக்கு ஒருவரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். அதனால் சட்டம் நட்டத்தைப் பார்ப்பதில்லை. நேர்மையற்ற எண்ணத்தைத் தேடுகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 409 (பொது ஊழியர், வங்கியாளர் செய்யும் நம்பிக்கை மோசடி), 420 (ஏமாற்றுதல்) இரண்டும் 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 316(5), 318(4) ஆகியிருக்கின்றன. எண் மாறியது, கேள்வி மாறவில்லை. ஏமாற்றும் எண்ணம் கடன் வாங்கும்போதே இருந்ததா? வங்கியின் சொத்தைத் தெரிந்தே வேறு வழியில் திருப்பினாரா?

2018 வரை அரசுத் தரப்புக்கு ஒரு குறுக்குவழி இருந்தது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 13(1)(டி) பிரிவில் ஒரு கூறு, பொதுநலன் ஏதும் இல்லாமல் யாருக்காவது ஆதாயம் கிடைக்கும்படி ஒரு பொது ஊழியர் நடந்துகொண்டாலே குற்றம் என்றது. லஞ்சம் கைமாறியதைக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. வரம்பு மீறிய கடனுக்கு இந்தப் பிரிவு கச்சிதமாகப் பொருந்தியது. அளவுக்கு மேலேயே பொருந்தியது என்றும் சொல்லலாம். நேர்மையான அதிகாரிகளும் அதில் சிக்கினார்கள். ஓய்வுபெற்றபின் பத்து வருடம் கோர்ட்டுக்கு அலைந்தவர்கள் உண்டு. 2018 ஜூலை 26 அன்று அமலுக்கு வந்த திருத்தம் அந்தப் பிரிவை நீக்கியது. கூடவே, அலுவல் முடிவுகள் குறித்து விசாரிக்கவே முன் அனுமதி வேண்டும் என்று 17ஏ பிரிவைச் சேர்த்தது. நீக்கியது சரி என்றே நினைக்கிறேன். அந்த இடத்தில் எதையும் வைக்காமல் விட்டதுதான் தவறு. லஞ்சத்துக்கும் வெறும் அசட்டைக்கும் நடுவே, தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவது என்று ஒன்று இருக்கிறது. பெரிய கடன்களில் பாதி நாசம் அங்கேதான் நடக்கிறது. அதற்கு இன்று தனியாக ஒரு குற்றப்பிரிவு இல்லை.

2016 பிப்ரவரி 23

சட்டம் எப்படி இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது என்பதைப் பார்க்க இந்த ஒரு நாள் போதும். உச்ச நீதிமன்றத்தில் ரஞ்சன் கோகோய், பிரபுல்ல சி. பந்த் அமர்வு அன்றைக்கு இரண்டு தீர்ப்புகளைச் சொன்னது. ஒன்று வங்கிக் கடன் பற்றியது, மற்றொன்று பங்கு வர்த்தகம் பற்றியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்கள் குறைவு.

முதலாவது, சிபிஐ எதிர் ரமேஷ் கெல்லி. குளோபல் டிரஸ்ட் வங்கி 1994-ல் வந்த புதிய தலைமுறை தனியார் வங்கி. யூடிஐ வங்கியோடு இணையப் பேச்சு நடந்த 2000-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் அதன் பங்கு விலை ஏறிய விதம் சந்தேகத்தைக் கிளப்பியது. செபி விசாரித்தது, 2001-ல் இணைப்பு கைவிடப்பட்டது. 2004 ஜூலையில் ரிசர்வ் வங்கி மொரட்டோரியம் போட்டு, பணம் எடுப்பதைக் கட்டுப்படுத்தியது. அடுத்த மாதமே ஓரியன்டல் பேங்க் ஆஃப் காமர்ஸ் அதை விழுங்கியது. டெபாசிட் தப்பியது, பங்குதாரர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வைர வியாபாரக் குழுமம் ஒன்றுக்குக் கொடுத்த கடன்கள் தொடர்பாக, வங்கியின் முன்னாள் தலைவர் ரமேஷ் கெல்லி மீதும் செயல் இயக்குநர் மீதும் சிபிஐ ஊழல் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றமும் பம்பாய் உயர் நீதிமன்றமும் அந்தச் சட்டத்தின்கீழ் வழக்கை ஏற்கவில்லை. காரணம்: தனியார் வங்கிக்காரர் பொது ஊழியரே அல்ல.

இந்தக் காரணத்துக்குப் பின்னால் இருந்தது ஒரு எழுத்துப் பிழை என்றே சொல்ல வேண்டும். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 46ஏ பிரிவு, வங்கியின் முழுநேரத் தலைவர், மேலாண் இயக்குநர், இயக்குநர், ஆடிட்டர், ஊழியர் என எல்லோரையும், இந்திய தண்டனைச் சட்டத்தின் ஒன்பதாம் அத்தியாயத்துக்கு மட்டும், பொது ஊழியராகக் கருத வேண்டும் என்கிறது. லஞ்சக் குற்றங்கள் அப்போது அந்த அத்தியாயத்தில்தான், 161 முதல் 165ஏ வரை இருந்தன. 1988-ல் ஊழல் தடுப்புச் சட்டம் வந்தபோது அவை அங்கிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டுப் புதிய சட்டத்துக்குள் போயின. 46ஏ பிரிவில் அதற்கேற்ப ஒரு வரியை மாற்ற மறந்துவிட்டார்கள். காலியான அத்தியாயத்தை அது தொடர்ந்து சுட்டிக்காட்டிக்கொண்டே இருந்தது. வேடிக்கை என்னவென்றால், 1994-ல் அதே 46ஏ பிரிவை நாடாளுமன்றம் திருத்தவும் செய்தது. அப்போதும் இந்த ஓட்டையை யாரும் பார்க்கவில்லை. நாடாளுமன்றம் விட்டுவிட்டதை நீதிமன்றம் இட்டு நிரப்பலாமா என்பதுதான் கேள்வி. நிரப்பலாம், சட்டத்தின் நோக்கம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிகிறது என்றது அமர்வு. தனியார் வங்கி அதிகாரிகளும் ஊழல் தடுப்புச் சட்டத்துக்கு உட்பட்ட பொது ஊழியர்களே என்றானது.

எத்தனை வருடம் வீணானது என்று பாருங்கள். குற்றம் நடந்ததா என்ற பேச்சே அதுவரை தொடங்கவில்லை. இந்த ஆள் இந்தச் சட்டத்துக்குள் வருவாரா என்ற ஒரே கேள்விக்கு, வங்கியே மறைந்து பன்னிரண்டாவது ஆண்டில்தான் விடை கிடைத்தது. அந்த விடை கிடைத்த இரண்டே ஆண்டில் 13(1)(டி) நீக்கப்பட்டது. கதவைத் திறந்துவிட்டு அறையைக் காலி செய்ததுபோல.

இரண்டாவது தீர்ப்பு, செபி எதிர் கிஷோர் அஜ்மேரா. அதிகம் கைமாறாத பங்குகளில் வாங்கும் ஆர்டரும் விற்கும் ஆர்டரும் திரும்பத் திரும்ப நொடிக்கணக்கில் பொருந்தின. புரோக்கர்களின் வாதம் எளிது. திரையில் நடக்கும் வர்த்தகம், எதிர்ப்பக்கம் யார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? கூட்டுச் சதிக்கு நேரடி ஆதாரம் எங்கே? நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நேரடி ஆதாரம் கிடைக்காத இடத்தில் சுற்றியுள்ள சூழ்நிலைகளைப் பார்த்து முடிவுக்கு வரலாம் என்றது. எவ்வளவு வர்த்தகம், எத்தனை நாள், அந்தப் பங்கு எப்படிப்பட்டது, இரண்டு ஆர்டருக்கும் இடையே எத்தனை நொடி என்பவற்றை ஒட்டுமொத்தமாகப் பார்க்க வேண்டும். இது சிவில் தன்மையுள்ள நடவடிக்கை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும், ஐயத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் தேவையில்லை.

ஆக, பணம் புரோக்கரின் கணினிக்குள் வந்துவிட்டால், நேர முத்திரைகளே ஆளைக் காட்டிக்கொடுக்கப் போதும். அதே பணம் வங்கிக்குள் இருக்கும்வரை, அதிகாரியின் மனதைத் திறந்து காட்ட வேண்டும். செபி சட்டத்தின் 12ஏ பிரிவையும் 2003-ஆம் ஆண்டின் மோசடித் தடுப்பு விதிகளையும் மீறினால், 25 கோடி அல்லது லாபத்தின் மூன்று மடங்கு, இதில் எது அதிகமோ அதுவரை அபராதம் போட அந்தச் சட்டம் இடம் தருகிறது. லாபத்தைப் பிடுங்கலாம், சந்தையை விட்டு விலக்கலாம். வங்கிப் பக்கத்தில் தனி ஆளை நோக்கி இவ்வளவு கூர்மையான சிவில் ஆயுதம் ரிசர்வ் வங்கியின் கையில் இல்லை. அபராதம் வங்கிக்குப் போகிறது. கட்டுவது பங்குதாரர் பணம்.

யாருடைய மேஜையிலும் இல்லாத இடம்

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். நூல் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றுக்கு 25 கோடி நடைமுறை மூலதனக் கடன். காலை 11.20-க்குக் கணக்கில் விழுகிறது. 11.45-க்குள் 24.8 கோடி, "பஞ்சு சப்ளையர்" என்ற பெயரில் மூன்று மாதம் முன்பு கணக்கு தொடங்கிய நிறுவனத்துக்கு ஆர்டிஜிஎஸ்ஸில் போகிறது. மதியத்துக்குள் மூன்றாக உடைந்து, மூன்று பெயர்களில் ஒரு புரோக்கரின் வாடிக்கையாளர் கணக்குக்குச் சேர்கிறது. மறுநாள் செட்டில்மென்ட். வாங்கியது, அதே குழுமத்தின் பட்டியலிடப்பட்ட கம்பெனியின் பங்கு. சில வாரத்தில் விலை 20 சதவீதம் ஏறுகிறது. ஏறிய விலையில் புரமோட்டர் தன் பங்குகளை வேறொரு வங்கியில் அடகு வைக்கிறார். அந்தப் பணத்தில் முதல் வங்கியின் வட்டி ஒழுங்காகக் கட்டப்படுகிறது.

முதல் வங்கியின் புத்தகத்தில் இது முதல்தரக் கணக்கு, ஒரு நாள்கூடத் தவணை தவறவில்லை. இரண்டாவது வங்கியில் ஜாமீன் தாராளம். பங்குச் சந்தையின் கண்காணிப்புப் பிரிவுக்கு விலை ஏற்றம் தெரியும், பணம் எங்கிருந்து வந்தது தெரியாது. மூன்று பேரும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். விலை இறங்கும் நாளில் இரண்டாவது வங்கி பங்கை விற்கும், விற்றதால் இன்னும் இறங்கும், முதல் வங்கியின் கடன் தொண்ணூறு நாளில் வாராக்கடனாகும். அதற்கப்புறம்தான் ஃபாரன்சிக் ஆடிட், அதாவது மோசடியைத் தேடும் தணிக்கை. பணம் போய் மூன்று வருடம் ஆகியிருக்கும்.

கவனிக்கத் தெரிந்தவருக்கு முதல் நாளே வாசனை அடிக்கும். வட்டமான தொகைகள். வந்த பணம் வந்த நேரத்திலேயே வெளியேறி, மாலையில் பேலன்ஸ் ஏறக்குறைய பூஜ்யம். பில் இருக்கும், சரக்கை லாரியில் ஏற்றத் தேவையான ஈ-வே பில் இருக்காது. 24 கோடி பஞ்சு லாரியில் ஏறாமல் வர முடியாது. மாதாந்திர ஸ்டாக் ஸ்டேட்மென்டில் டிராயிங் பவர் (கையிருப்புச் சரக்கைப் பொறுத்து எடுக்கக்கூடிய கடன் அளவு) குறையாத அளவுக்கு மட்டும் சரக்கு மாறிக்கொண்டே இருக்கும். கடனின் இறுதிப் பயன்பாட்டுக்கு ஆடிட்டர் சான்றிதழ் ஃபைலில் இருக்கும். அந்தச் சான்றிதழ் "நிர்வாகம் தந்த தகவலின் அடிப்படையில்" என்று தொடங்கும். அந்த ஒரு தொடருக்குப் பின்னால் எல்லோரும் ஒளிந்துகொள்ளலாம். ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்டில், வேறு வங்கியில் கேஷ் கிரெடிட், ஓவர்டிராஃப்ட் வைத்திருப்பவர்களுக்குக் கரன்ட் அக்கவுன்ட் திறப்பதைக் கட்டுப்படுத்தியது. கிளைகள் முணுமுணுத்தன, டெபாசிட் போகிறது என்று. என் கணிப்பில், பல கைது நடவடிக்கைகளைவிட அந்தச் சுற்றறிக்கைதான் பணம் நழுவும் வழியை அதிகம் அடைத்தது.

வாங்கப்படும் பங்கு கடன் கொடுத்த வங்கியின் பங்காகவே இருந்தால் நிலைமை இன்னும் மோசம். வங்கியின் மூலதனமே அதன் சொந்தக் கடனால் ஊதிய பலூனாகிவிடும். தன் பங்கையே ஜாமீனாக வாங்கிக் கடன் கொடுக்கக் கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு தடுக்கிறது. ஆனால் நடுவில் இரண்டு நிறுவனங்களை நுழைத்து, ஜாமீனாக ஒரு நிலத்தைக் காட்டிவிட்டால், பிரிவின் சொற்கள் அதைத் தொடாது. கம்பெனிச் சட்டத்தின் 67-ஆவது பிரிவு, எந்தப் பப்ளிக் கம்பெனியும் தன் பங்கை வாங்கப் பணம் கொடுக்கக் கூடாது என்கிறது. அதிலேயே, வழக்கமான தொழிலின் போக்கில் கடன் கொடுக்கும் வங்கிக்கு விலக்கும் இருக்கிறது. நியாயமான விலக்குதான், வழக்கறிஞர்கள் முதலில் தேடிப் போவதும் அதைத்தான்.

விரைவாக வரும் கணக்குத் தீர்ப்பு

குற்ற வழக்கைத் தவிர வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஐசிஐசிஐ வங்கியின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த சந்தா கோச்சர் விவகாரத்தில், முன்னாள் நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணாவின் விசாரணை அறிக்கை 2019 ஜனவரியில் வந்தது. வங்கியின் நடத்தை விதிகள் மீறப்பட்டன என்று அது சொன்னதும், அவர் விலகியதைப் பணிநீக்கமாகவே கருதி, முன்பு கொடுத்த போனஸ்களைத் திரும்பக் கேட்டது வங்கி. சிபிஐ வழக்கு தனிப் பாதையில் போனது. 2022 டிசம்பரில் கைது, அடுத்த மாதமே பம்பாய் உயர் நீதிமன்றம் கைது சட்டப்படி நடக்கவில்லை என்று ஜாமீன் கொடுத்தது. குற்றச்சாட்டு நிரூபணமாவது வேறு விஷயம், அதை இங்கே முன்கூட்டி எடைபோட முடியாது. நான் கவனிப்பது வேகத்தை. தனியார் வங்கிகளின் தலைமைச் செயல் அதிகாரிகளுக்கும் முழுநேர இயக்குநர்களுக்கும் மாறும் சம்பளப் பங்கில் மாலஸ் (இன்னும் கொடுக்காததை நிறுத்துவது), கிளாபேக் (கொடுத்ததைத் திரும்ப வாங்குவது) ஷரத்துகள் கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி 2019 நவம்பரில் விதித்தது இந்தத் திசையில்தான். சிறை பயமுறுத்துவதைவிட, பத்து வருட போனஸ் கைவிட்டுப் போகும் என்பது கிரெடிட் கமிட்டி அறையில் அதிகம் வேலை செய்யும்.

மற்றொரு பக்கம், கடன் வாங்கியவருக்கும் உரிமை உண்டு என்பதை வங்கிகள் தாமதமாகக் கற்றுக்கொண்டன. கணக்கை "மோசடி" என்று முத்திரை குத்தும் முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் ராஜேஷ் அகர்வால் வழக்கில் சொன்னது. 2024 ஜூலையில் ரிசர்வ் வங்கி விதியை மாற்றி, பதிலளிக்கக் குறைந்தது 21 நாள் தர வேண்டும் என்றது. நோட்டீஸே இல்லாமல் போட்ட முத்திரைகளை இப்போது கோர்ட்டில் காப்பாற்றுவது கடினம்.

கடைசியில் பல வழக்குகள் விழுவது பெரிய சட்டக் கேள்விகளில் அல்ல. கணினிப் பிரதிக்குச் சான்றிதழ் இல்லை என்பதில். 1891-ஆம் ஆண்டின் வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டத்தின் 2ஏ பிரிவு, கணக்கு ஸ்டேட்மென்டின் பிரின்ட்அவுட்டோடு கிளைப் பொறுப்பாளரும், கணினி அமைப்புக்குப் பொறுப்பானவரும் சான்று தர வேண்டும் என்கிறது. மின்னணு ஆவணத்துக்கு முன்பு பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்று, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவு. வங்கிகள் பழைய புத்தகங்களை வைத்திருக்க வேண்டிய காலம், ஆவணத்தின் வகையைப் பொறுத்து, 1985 விதிகளின்படி ஐந்து அல்லது எட்டு ஆண்டு. வழக்குகள் அதைத் தாண்டித்தான் சாட்சிக் கூண்டுக்கு வருகின்றன. அதற்குள் கிளை இணைக்கப்பட்டிருக்கும், சாஃப்ட்வேர் மாறியிருக்கும், சான்று தர வேண்டிய அதிகாரி ஓய்வுபெற்றிருப்பார். கணக்கில் சிவப்புக் கொடி ஏறிய அன்றே அந்தக் கணக்கின் ஸ்டேட்மென்டையும், ஆர்டிஜிஎஸ் எண்களையும், சாங்ஷன் நோட்டின் (கடன் ஒப்புதல் குறிப்பின்) எல்லா வரைவுகளையும், லாகின் பதிவுகளையும் சான்றிதழோடு எடுத்து சீல் வைக்க ஒரு கிளைக்கு அரை நாள் போதும். இதை வற்புறுத்திக் கேட்கும் வங்கி இயக்குநர் குழுக்கள் மிகக் குறைவு.